கோர்ஸ் இருக்கட்டும், முதலில் அந்த ஒரு வரி

தம்பிக்கு,

சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுக் கடைக்காக நீங்கள் பிஎச்பியில் (சர்வரில் ஓடும் நிரல்மொழி) செய்த ப்ராஜெக்ட், பிசிஏ மூன்றாம் ஆண்டுக்குத் தாராளம். ஐந்து ரோட்டில் ரியாக்ட் (ஜாவாஸ்கிரிப்டில் திரை அமைக்கும் கருவி) கோர்ஸில் சேரலாமா என்று கேட்கிறீர்கள். பணம் கட்டுமுன் ஒரு வாரம் இதிலேயே உட்காருங்கள். பெங்களூரு இன்டர்வியூவில் ஃப்ரெஷரிடம் துருவிக் கேட்பது பெரும்பாலும் அவர் சொந்த ப்ராஜெக்டைத்தான். உங்களுடையதில் முதலில் மாட்டும் இடம், சர்வரில் உள்ள சரக்கு விவரம் பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்டுக்குப் போகும் வரி.

இப்போது ஸ்கிரிப்ட் டேகுக்குள் இரட்டை மேற்கோள் போட்டு, நடுவில் எக்கோ (மதிப்பைப் பக்கத்தில் அச்சிடும் பிஎச்பி கட்டளை) கொடுத்திருக்கிறீர்கள். பிஎச்பி சர்வரிலேயே ஓடி முடிந்துவிடும். பிரவுசருக்கு வந்து சேர்வது வெறும் எழுத்து. கடைக்காரர் ஒரு நாள் பொருளின் பெயரை ராணி "பெரிய முத்து" கொலுசு என்று டைப் செய்தால், ராணிக்கு அடுத்த மேற்கோளிலேயே ஸ்ட்ரிங் முடிந்துபோகும். அந்த ஸ்கிரிப்ட் பிளாக் மொத்தமும் ஓடாது, அதிலிருக்கும் பில் பட்டனும் சேர்ந்து படுத்துவிடும். குறிப்புப் பெட்டியில் ஒரு என்டர் தட்டினாலும் இதே கதிதான்.

மேற்கோளை எடுத்துவிட்டு ஜேசன்_என்கோடு போடுங்கள்; பிஎச்பி மதிப்பை ஜாவாஸ்கிரிப்டுக்குப் புரியும் ஜேசன் வடிவில், மேற்கோளையும் சேர்த்து, அதுவே எழுதித் தரும். கூடவே ஜேசன்_ஹெக்ஸ்_டேக், < > குறிகளைக் குறியீடாக மாற்றிவிடும் தேர்வு. ஏன் என்றால், பக்கத்தைப் பிரவுசர் முதலில் எச்டிஎம்எல்லாகத்தான் படிக்கும். வாடிக்கையாளர் கருத்துக்குள் ஸ்கிரிப்ட் டேகை மூடும் குறி இருந்தால், அது மேற்கோளுக்குள் இருக்கிறதா என்றெல்லாம் பார்க்காது, அங்கேயே மூடிவிடும். அதன் பின்னால் ஒருவர் ஒட்டிவைத்த ஸ்கிரிப்ட் உங்கள் பக்கத்தில் ஓடும். எக்ஸ்எஸ்எஸ் என்றால் என்ன என்று கேட்டால் இதையே சொல்லுங்கள். ஜேசன்_என்கோடு சாய்கோட்டுக்கு (/) முன் தானாகவே ஒரு பின்சாய்கோடு (\) சேர்ப்பதால் பாதி தப்பிக்கலாம்; அதை நிறுத்தும் ஜேசன்_அன்எஸ்கேப்டு_ஸ்லாஷஸ் போட்டால் அதுவும் போச்சு.

வியூ சோர்ஸில் (பக்கத்தின் மூலநிரலைக் காட்டும் பிரவுசர் வசதி) தமிழ் எழுத்துகள் குறியீடாகத் தெரிந்தால் பதற வேண்டாம், ஜாவாஸ்கிரிப்ட் சரியாகவே படிக்கும். பதற வேண்டியது வேறொன்றுக்கு. டேட்டாபேஸிலிருந்து வரும் எழுத்து யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் இல்லையென்றால் ஜேசன்_என்கோடு சத்தமில்லாமல் ஃபால்ஸ் தரும். எக்கோ செய்யும்போது அது வெற்றிடம். சமக்குறிக்குப் பிறகு ஒன்றுமில்லாமல் சின்டாக்ஸ் எரர். டேட்டாபேஸ் கனெக்‌ஷனின் குறியாக்கத்தை யூடிஎஃப்8எம்பி4 (மைஎஸ்க்யூஎல்லில் முழு யூடிஎஃப்-8-இன் பெயர்) ஆக்குங்கள். ஜேசன்_த்ரோ_ஆன்_எரர், பிஎச்பி 7.3 முதல் இருக்கிறது. போட்டால் பிழை கையோடு தெரியும்.

விற்றுத் தீர்ந்தவற்றை அரே_ஃபில்டரால் நீக்கியிருக்கிறீர்கள். இடையில் எண் விட்டுப்போனால் ஜேசனில் அது பட்டியலாக வராது, ஆப்ஜெக்டாக வரும், பட்டியலை ஒவ்வொன்றாக எடுக்கும் ஃபார்ஈச் ஓடாது. எண்களை மீண்டும் 0 முதல் வரிசையாக்கும் அரே_வேல்யூஸ் சுற்றிவிட்டால் தீர்ந்தது.

ஒரு கொலுசுக்கு ஒரு எடை மட்டும் என்றால் எச்டிஎம்எல் டேகிலேயே மதிப்பை வைக்கும் டேட்டா ஆட்ரிபியூட் போதும், அங்கே மேற்கோள் போன்ற குறிகளை மாற்றித் தரும் எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ். ஆனால் அதை ஜாவாஸ்கிரிப்ட் படிக்கும் டேட்டாசெட்டில் வருவதெல்லாம் எழுத்துதான். 40 கிராமோடு 5 கூட்டினால் 405 என்று நிற்கும். நம்பர் என்று மாற்றிக் கூட்டுங்கள். வெள்ளி ரேட் அடிக்கடி மாறும், அதைப் பக்கத்தில் பதிக்காமல் ஃபெட்ச் (ஜாவாஸ்கிரிப்ட் சர்வரிடம் கேட்டு வாங்கும் வழி) வழியே எடுங்கள்.

எனக்கு உறுத்தியது செலக்ட் ஸ்டார், அதாவது டேபிளின் எல்லாப் பத்திகளையும் எடுக்கும் டேட்டாபேஸ் கட்டளை. கொள்முதல் விலையும் பட்டறைக்காரர் போன் நம்பரும் ஜேசனோடு பிரவுசருக்குப் போகின்றன. திரையில் காட்டவில்லை என்பது கணக்கில்லை, வியூ சோர்ஸ் திறந்தால் எதிர்க்கடைக்காரரும் படிக்கலாம். பெயர், எடை, விற்பனை விலை, மூன்று மட்டும் அனுப்புங்கள். பில் போடும்போது பிரவுசர் அனுப்பும் விலையை ஏற்காமல் சர்வரிலேயே திரும்பக் கணக்கிடுங்கள்.

ஒவ்வொரு திருத்தத்தையும் கிட்டில் தனி கமிட்டாக (சேமித்த பதிவாக) போடுங்கள். இன்டர்வியூவில் பழையதையும் புதியதையும் அருகருகே திறந்து காட்டலாம். கோர்ஸ் பற்றி அப்பா கேட்டால், செமஸ்டர் லீவு வரை பொறுக்கச் சொல்லுங்கள்.