கொரியாவில் வாடகை வீடு: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: சோலில் ஒரே வீட்டுக்குத் தரகர் 'ஜொன்சே', 'வொல்சே' என்று இரண்டு கணக்கு சொல்கிறார். எதை எடுப்பது?

பதில்: ஜொன்சே கிட்டத்தட்ட நம் ஒத்திதான். வீட்டு மதிப்பில் பாதிக்கும் மேலான தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டால் மாத வாடகை கிடையாது. 2 ஆண்டு கழித்து முழுத்தொகையும் வட்டியில்லாமல் திரும்பி வர வேண்டும். வொல்சேயில் முன்பணம் குறைவு, மாதாமாதம் வாடகை உண்டு. கொரியாவுக்குப் புதிதாக வந்தவர் வொல்சேயில் தொடங்குவதே நல்லது. ஜொன்சேயில் மாட்டினால் போவது ஒரு மாத வாடகையல்ல, சேமிப்பு முழுவதும்.

கேள்வி: கையெழுத்துப் போடுமுன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: முதலில் வீட்டின் பதிவேடு. இணையத்தில் 700 வொன் கட்டினால் யாரும் பார்க்கலாம். 'கப்கு' பகுதியில் உரிமையாளர் பெயரும் ஜப்தி இருந்தால் அதுவும் இருக்கும். 'உல்கு' பகுதியில் அடமானம். வங்கிகள் வழக்கமாகக் கடனில் 120 சதவீதத்தைப் பதிவதால், 10 கோடி வொன் கடன் அங்கே 12 கோடியாகத் தெரியும். வீட்டின் விலை 30 கோடி, அடமானம் 12 கோடி, உங்களிடம் கேட்கும் ஜொன்சே 18 கோடி என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஏலத்துக்குப் போனால் முன்னதாகப் பதிந்த வங்கி எடுத்தது போக மிச்சம்தான் உங்களுக்கு. இப்படிப்பட்ட வீட்டைக் கொரியர்கள் 'க்காங்தோங் ஜொன்சே', அதாவது காலி டப்பா, என்பார்கள்.

வழக்கமாக முன்பணத்தில் 10 சதவீதம் ஒப்பந்தத்தன்று, மீதி குடிபோகும் அன்று. இரண்டையும் பதிவேட்டில் உள்ள உரிமையாளர் பெயரிலுள்ள கணக்குக்கே அனுப்புங்கள். மீதியை அனுப்பும் அன்று காலையும் பதிவேட்டை இன்னொரு முறை பாருங்கள்.

குடிபோன அன்றே முகவரி மாற்றத்தைப் பதிந்து, ஒப்பந்தத்தில் 'ஹ்வாக்ஜோங் இல்ஜா' என்ற தேதி முத்திரையும் வாங்குங்கள். 'ஜுமின் சென்டர்' என்ற வட்டார அரசு அலுவலகத்தில் 600 வொன். ஏலம் வந்தால் உங்கள் முன்பணத்தைக் காப்பது இவை இரண்டும்தான். வெளிநாட்டவருக்கு முகவரிப் பதிவுக்குப் பதிலாகத் தங்குமிட மாற்றப் பதிவே இந்தப் பாதுகாப்பைத் தரும். இதில் ஒரு ஓட்டை உண்டு. உங்கள் உரிமை மறுநாள் நள்ளிரவு 0 மணிக்குத்தான் உயிர்பெறும். அடமானமோ பதிந்த அன்றே செல்லும். நீங்கள் பெட்டி இறக்கும் பகலில் உரிமையாளர் வங்கிக்குப் போய்க் கடன் வாங்கினால் வங்கி உங்களை முந்திவிடும். ஆகவே 'மீதி செலுத்திய மறுநாள் வரை புதிய அடமானம் வைக்கக் கூடாது, மீறினால் ஒப்பந்தம் ரத்து, பணம் வாபஸ்' என்று சிறப்பு நிபந்தனை எழுதச் சொல்லுங்கள். தரகர்களுக்கு இது பழகிய வாசகம்தான்.

கேள்வி: ஆபிஸ்டெல் (அலுவலகமாகவும் வீடாகவும் பயன்படும் அறை) உரிமையாளர், 'முகவரி பதியாதீர்கள், வாடகையைக் குறைக்கிறேன்' என்கிறார்.

பதில்: வேண்டாம். அவர் காப்பாற்றிக்கொள்வது தன் வரிச்சலுகையை. பதியாவிட்டால் உங்கள் முன்பணத்துக்குப் பாதுகாப்பே இல்லை.

கேள்வி: ஒப்பந்தம் முடிகிறது. அடுத்த ஆள் வந்தால்தான் பணம் என்கிறார் உரிமையாளர். நான் பூசானுக்கு மாற வேண்டும்.

பதில்: அடுத்த ஆள் வருவதும் வராததும் அவர் பாடு. ஆனால் காலி செய்வதாக ஒப்பந்தம் முடிய 2 மாதத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும், குறுஞ்செய்தியும் சான்றுதான். இரு தரப்பும் சும்மா இருந்திருந்தால் ஒப்பந்தம் தானாக நீண்டிருக்கும். அப்போதும் நீங்கள் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், சொன்ன 3 மாதம் கழித்து முடியும். முடிந்தும் பணம் வரவில்லையென்றால், குத்தகை உரிமையைப் பதிவேட்டில் ஏற்றும் உத்தரவு கேட்டு நீதிமன்றத்தில் மனுப் போடுங்கள். மனு போட்டதுமே கிளம்பிவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. பதிவேட்டில் அது ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகே சாமானையும் முகவரியையும் மாற்றுங்கள்.

கேள்வி: முன்பணம் 1 கோடி, வாடகை 6 லட்சம் வொன். சோலில் தரகு எவ்வளவு?

பதில்: வாடகையை 100ஆல் பெருக்கி முன்பணத்தைக் கூட்டினால் 7 கோடி. அதில் 0.4 சதவீதம், 2,80,000 வொன். இது உச்சவரம்புதான், பேரம் பேசலாம்.

கேள்வி: அபார்ட்மென்டைக் காலி செய்யும்போது திரும்பக் கேட்க வேண்டியது வேறேதும் உண்டா?

பதில்: உண்டு, பலர் விட்டுவிடுவார்கள். பராமரிப்புக் கட்டண ரசீதில் நீண்டகாலப் பழுதுநிதி என்று ஒரு வரி இருக்கும். அது உரிமையாளர் கட்ட வேண்டிய பணம், மாதாமாதம் உங்களிடம் வசூலாகியிருக்கும். நிர்வாக அலுவலகத்தில் கேட்டால் மொத்தக் கணக்கை அச்சடித்துத் தருவார்கள். சாவியை ஒப்படைக்குமுன் அதை உரிமையாளரிடம் நீட்டுங்கள்.