ஸ்கூட்டரில் காலை எங்கே வைப்பது? கேள்வியும் பதிலும்

பெரியபட்டினத்தில் 24 வருஷமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். வண்டி ஏன் இழுக்கவில்லை, மைலேஜ் ஏன் குறைந்தது என்று ஆயிரம் பேர் கேட்டிருப்பார்கள். காலை எங்கே வைப்பது என்று யாரும் கேட்டதில்லை. ஆனால் வண்டியை விட வருகிறவர்களில் பாதிப் பேர் இறங்கியதும் முட்டியைத் தடவிக்கொண்டுதான் நிற்கிறார்கள். சரி, கேளுங்கள் என்றேன். கேட்டுவிட்டீர்கள். மருத்துவம் எனக்குத் தெரியாது, வண்டி தெரியும். அந்த அளவில் சொல்கிறேன்.

பாய், ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரத்துக்கு ஆக்டிவாவில் தினமும் போய் வருகிறேன். உச்சிப்புளி தாண்டும்போதே முட்டியும் இடுப்பும் பிடித்துக்கொள்கிறது. காலை முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா?

தம்பி, ஒரு தடவைக்கு 55 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள். அது சின்ன வண்டிக்கும் அதிகம், முட்டிக்கும் அதிகம். காலைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், நீங்கள் சீட்டில் எங்கே உட்காருகிறீர்கள் என்று பாருங்கள். நிறையப் பேர் சீட்டின் நுனியில், ஹேண்டில்பாரைக் கட்டிக்கொண்டு உட்காருவார்கள். அப்படி உட்கார்ந்தால் முட்டி மடங்கித்தான் நிற்கும். காலை எங்கே வைத்தாலும் வலிக்கும்.

வண்டியை சென்டர் ஸ்டாண்டு போட்டு ஏறி உட்காருங்கள். கை நீட்டாமல் ஹேண்டில்பாரைத் தொட முடிகிற அளவுக்குப் பின்னால் நகருங்கள். முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும். இப்போது கண்ணை மூடிக்கொண்டு இரண்டு காலையும் ஃபுட்போர்டில் போடுங்கள். குதிகால் முட்டிக்கு நேர் கீழே, அல்லது அதைவிட நாலு விரல் முன்னால் விழுந்தால் அதுதான் உங்கள் இடம். பாதம் முழுசாகப் பலகையில் படிய வேண்டும். விரல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

முன்னால் சரிவாக ஏறுகிற இடத்தில் பாதத்தைச் சாய்த்து வைத்தால் சுகமாக இருக்கும். பத்து நிமிஷத்துக்கு. அப்புறம் உடம்பின் பாரம் முழுக்க வால் எலும்பில் இறங்கிவிடும். சாலையில் ஒரு பள்ளம் வந்தால் அந்த அடி நேராக முதுகுத்தண்டுக்குப் போகும். காலைப் பின்னால் இழுத்துச் சீட்டுக்கு அடியில் வைத்தால் முதுகு நிமிரும், குலுங்கும்போது காலூன்றி லேசாக எழவும் முடியும். ஆனால் முட்டி இறுக்கமாக மடங்கியே இருப்பதால் அரை மணி நேரத்தில் தொடை மரத்துப்போகும்.

எந்த இடமும் 55 கிலோமீட்டருக்குத் தாங்காது. நான் ராமேஸ்வரம் போனால் நேரான சாலையில் கொஞ்ச நேரம் முன்னால், கடைத்தெரு வந்தால் நடுவில், குண்டும் குழியுமான இடத்தில் பின்னால் என்று மாற்றிக்கொண்டே போவேன். மண்டபத்தில் ஒரு டீ. இறங்கி நாலு எட்டு நடந்தால் முட்டி மன்னித்துவிடும்.

அண்ணே, பாம்பன் பாலத்தில் காற்று அடிக்கும்போது காலைக் கீழே தொங்கப் போட்டால் வண்டி நிலையாக நிற்கும் என்று நண்பன் சொல்கிறான். உண்மையா?

பொய். உங்கள் நண்பர் இதுவரை விழாமல் இருப்பது அல்லாஹ்வின் கருணை.

பாலம் இரண்டேகால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. ஆனி, ஆடியில் கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கும்போது ராமேஸ்வரம் போகிறவருக்கு வலப்பக்கமாக வந்து மோதும். தொங்குகிற கால் காற்றில் பாய் மாதிரி. அது வண்டியைப் பிடித்து நிறுத்தாது, இன்னும் ஆட்டும். போதாததற்கு இணைப்பு வருகிற இடத்தில் எல்லாம் ‘தடக் தடக்’ என்று தூக்கிப் போடும். பாதம் பலகையில் அழுந்தியிருந்தால்தான் இடுப்பைச் சற்றே இலேசாக்கி அந்த அடியைத் தொடையில் வாங்கலாம்.

இரண்டு பாதமும் தட்டையாக, முட்டி இரண்டும் உள்ளே, கை தளர்வாக, வேகம் 30க்குள். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தால் காற்றின் ஒவ்வொரு தள்ளலும் முன்சக்கரத்துக்குப் போய்விடும். பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்திருக்கும் அக்கா தங்கச்சிகளுக்கு ஒரு வார்த்தை: போகும்போது காற்று உங்கள் முதுகுப் பக்கம். திரும்பி வரும்போது முகத்துக்கு நேராக, மடியில் அடிக்கும். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறுங்கள்.

2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தைப் பார்க்க நடுப்பாலத்தில் வண்டியை நிறுத்துகிறவர்களிடம் நான் எதுவும் சொல்வதில்லை. கேட்கமாட்டார்கள்.

தம்பி, எனக்கு 68 வயது. முப்பது வருஷம் பஜாஜ் சேத்தக் ஓட்டினேன். மகன் இப்போது கியர் இல்லாத வண்டி வாங்கித் தந்திருக்கிறான். வலது காலில் மட்டும் கெண்டைச் சதை பிடித்துக்கொள்கிறது. ஏன்?

ஐயா, இந்தக் கேள்விக்காகவே உங்களை ஒருமுறை பார்க்க வேண்டும். சேத்தக்கில் பின் பிரேக் வலது காலடியில் இருந்தது. முப்பது வருஷம் அந்த மிதியின் மேல் பாதத்தைத் தூக்கிப் பிடித்தபடி ஓட்டியிருக்கிறீர்கள். இப்போது அங்கே மிதி இல்லை. பாதம் மட்டும் இன்னும் அதைத் தேடி நிற்கிறது. குதிகாலை ஊன்றி விரல்களைத் தூக்கி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். கெண்டைச் சதை பிடிப்பதற்கு அது போதும்.

இந்த வண்டிகளில் இரண்டு பிரேக்கும் கையில்தான். 2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்ற 125 சிசி வரையிலான ஸ்கூட்டர்களில் இடது கைப் பிரேக்கைப் பிடித்தால் பின்னோடு முன்னும் சேர்ந்து பிடிக்கும். காலுக்கு வேலையே இல்லை. ஆளில்லாத தெருவில் மெதுவாக ஓட்டி, வலது பாதத்தை முழுசாகப் படிய வைத்து, இடது கையால் மட்டும் நிறுத்திப் பழகுங்கள். இதை வலிக்காக மட்டும் சொல்லவில்லை. குறுக்கே ஆடு ஓடி வந்தால் உங்கள் கால் இல்லாத மிதியை மிதிக்கும், கை சும்மா இருக்கும். எங்கள் மாமா ஒருவர் அப்படித்தான் ஒரு சீமைக்கருவேலப் புதருக்குள் போனார்.

அண்ணா, தண்ணீர் எடுக்க ஸ்கூட்டியில் ஒரு நடைக்கு இரண்டு குடம் கொண்டுவருகிறேன். குடம் ஃபுட்போர்டில் இருப்பதால் காலை வெளியேதான் வைக்க வேண்டியிருக்கிறது. வேறு வழி உண்டா? (ஏர்வாடி பக்கம்)

கொண்டுவராதே என்று சொல்ல எனக்கு வாய் வராது தங்கச்சி. நம்ம பக்கத்தில் தண்ணீர்க் கஷ்டம் எனக்கும் தெரியும்.

ஆனால் கால் வெளியே இருந்தால் என்ன ஆகும் என்பதை என் காலிலேயே பார்த்தேன். 2011இல் ஒரு மூட்டையை முன்னால் வைத்துக்கொண்டு சந்துக்குள் திரும்பினேன். சாலையோரக் கல்லில் இடது சுண்டுவிரல் அடித்தது. வண்டிக்கு ஒரு கீறல் இல்லை. எனக்கு ஆறு வாரம் கட்டு. வெளியே தொங்கும் கால் எங்கே இருக்கிறது என்று ஓட்டுகிறவருக்கே தெரியாது.

ஒரு நடைக்கு ஒரு குடம் என்று வையுங்கள். நடை கூடும்தான். குடத்தைவிட 20 லிட்டர் சதுரக் கேன் நல்லது. உருளாது, அகலமும் குறைவு, இரண்டு பக்கமும் பாதம் வைக்க இடம் மிஞ்சும். கேனை நடுவில் முன்னால் ஒட்டி வைத்து, இரண்டு கணுக்காலாலும் அணைத்துக்கொள்ளுங்கள். மூடி இறுக்கமாக இருக்கட்டும், கழுத்துவரை நிரப்பியிருக்கட்டும். பாதி நிரம்பிய தண்ணீர்தான் அலைந்து வண்டியை ஆட்டும். இரண்டாவது கேன் கட்டாயம் வேண்டும் என்றால் பின் சீட்டில் கயிறு போட்டுக் கட்டுங்கள்.

தினமும் இதே வேலை என்றால் பழைய டிவிஎஸ் எக்ஸெல் மொபெட் ஒன்றைப் பாருங்கள். அதில் சாமானுக்கு நடுவில் இடம், காலுக்கு வெளிப்பக்கம் தனி ஃபுட்ரெஸ்ட். சுமக்கவென்றே பிறந்த வண்டி. மீன்கூடைக்காரர்கள் அதை விடாமல் இருப்பது சும்மா இல்லை.

நான் குள்ளம், நாலே முக்கால் அடி. தொண்டியில் ஓட்டப் பழகுகிறேன். இரண்டு காலும் எட்டவில்லை. ஷாக் அப்சார்பரை மாற்றி வண்டியை இறக்கிவிடலாமா?

வேண்டாம்மா. இறக்கினால் ஸ்பீடு பிரேக்கரில் அடி தட்டும், ஸ்டாண்டு சரியாக நிற்காது.

இரண்டு காலும் எட்ட வேண்டிய அவசியமே இல்லை. நிற்கும்போது சீட்டில் இருந்து முன்னால் சறுக்கி இடது பாதத்தை ஊன்றினால் போதும். ஃபுட்போர்டு இருப்பதால் முன்னால் நிற்க இடம் இருக்கிறதே, பைக்கில் அந்த வசதி கிடையாது. ஊன்றுகிற இடத்தைப் பார்த்து ஊன்றுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தார் முடிந்ததும் மண் சரிந்து இறங்கும். ஓரம் கட்டுகிறேன் என்று அந்தச் சரிவில் காலை வைத்தால் இன்னும் நாலு விரல் எட்டாமல் போய்விடும். தாரின் மேலேயே நிறுத்துங்கள்.

சீட் உயரத்தை மட்டும் பார்த்து வண்டி வாங்காதீர்கள். ஆக்டிவா, ஜூபிடர் இரண்டிலும் 765 மில்லிமீட்டர் வாக்கில். ஸ்கூட்டி பெப் பிளஸில் 768. எண்ணில் பெப் உயரம், ஆனால் சீட் முன்னால் ஒடுக்கம், வண்டியும் நூறு கிலோவுக்குள். அதனால் கால் சுலபமாக எட்டும். உங்களிடம் இருப்பது அகலச் சீட் என்றால், சீட் தைக்கிறவரிடம் முன்பக்க ஓரங்களில் மட்டும் ஃபோமைச் சீவச் சொல்லுங்கள். மேலே சீவ விடாதீர்கள், உட்கார முடியாது.

இன்னொன்று. கிளம்பி இருபது அடி வரைக்கும் இரண்டு காலையும் தரையில் உரசிக்கொண்டே போகிற பழக்கம் புதிதாகக் கற்றுக்கொள்கிற எல்லோருக்கும் வரும். சக்கரம் உருண்டதும் காலைத் தூக்கி வையுங்கள். உருளும் வண்டி சாயாமல் தானாக நிமிர்ந்து போகும். கால்தான் அதைத் தடுமாற வைக்கிறது.

காக்கா, கீழக்கரையிலிருந்து ராமநாதபுரம் போவதற்குள் பின்னால் உட்காருகிற வீட்டம்மாவுக்குக் கால் மரத்துவிடுகிறது. ஒருபக்கமாகத்தான் உட்காருவார்.

ஒரு சின்ன ஃபுட்ரெஸ்டில் இரண்டு பாதம். ஒன்று ஊன்றும், ஒன்று தொங்கும். வேறென்ன ஆகும்? லேடீஸ் ஃபுட்ரெஸ்ட் என்று அகலத் தகடு கிடைக்கும், இடப்பக்கம் போட்டுவிடுங்கள். அதோடு சேலைக் கம்பி, அதாவது பின்சக்கரத்தை மறைக்கிற தடுப்பு, கழற்றாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், சக்கரத்தில் பாதியாவது மறைக்கிற தடுப்பு மூன்றும் மோட்டார் வாகன விதிகளில் கட்டாயம் என்றே இருக்கிறது. அழகு கெடுகிறது என்று கழற்றித் தரச் சொல்லி என்னிடம் வருகிறார்கள். நான் கழற்றுவதில்லை.

முடிந்தால் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காரச் சொல்லுங்கள். கால் மரப்பது அன்றோடு நிற்கும்.

ஆறடி உயரம். திரும்பும்போது ஹேண்டில்பார் முட்டியில் இடிக்கிறது.

வாங்குவதற்கு முன் பார்த்திருக்க வேண்டியது. இரண்டு காலையும் ஃபுட்போர்டில் வைத்து ஹேண்டில்பாரை முழுசாக இடம், வலம் திருப்பிப் பார்க்க வேண்டும். இப்போதைக்குப் பின்னால் தள்ளி உட்காருங்கள், குதிகாலைப் பின்னுக்கு இழுத்து வையுங்கள். முட்டியை வெளியே விரித்து ஓட்டாதீர்கள். யாராவது இடிப்பார்கள்.

எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கியதிலிருந்து முட்டி உயர்ந்தே இருக்கிற மாதிரி இருக்கிறது. பிரமையா?

பிரமை இல்லை. நிறைய எலெக்ட்ரிக் வண்டிகளில் பேட்டரி ஃபுட்போர்டுக்கு அடியில்தான். பலகை உயர்ந்து, சீட்டுக்கும் அதற்கும் இடைவெளி குறைகிறது. தடிமனான மேட் போட்டிருந்தால் முதலில் அதை எடுங்கள். அரை அங்குலம் மிச்சம்.

எனக்குச் சுகர் இருக்கிறது. ஓட்டும்போது செருப்பு கழன்று விழுந்தால்கூடத் தெரிவதில்லை.

இது காலை எங்கே வைப்பது என்கிற கேள்வி இல்லை அண்ணே. முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். வண்டிக்காக நான் சொல்வது இவ்வளவுதான்: பின்னால் வார் உள்ள செருப்புப் போடுங்கள். வலப்பக்கம் சைலன்சர் இருக்கிறது. உணர்வு குறைந்த கால் அதில் பட்டால் தோல் வெந்த பிறகுதான் தெரியும். இறங்கும்போது எப்போதும் இடப்பக்கமாக இறங்குங்கள்.

அரிச்சல்முனை போய் வந்தால் ஃபுட்போர்டில் செருப்பு வழுக்குகிறது. மணலா, உப்பா?

இரண்டும். அந்தச் சாலையில் காற்று மணலைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டே இருக்கும். ஈர ரப்பர் செருப்புக்கும் பிளாஸ்டிக் பலகைக்கும் நடுவில் அந்த மணல் குண்டுமணி மாதிரி உருளும். ஏறுவதற்கு முன் செருப்பை ஒன்றோடொன்று தட்டுங்கள். பொத்தான் பொத்தானாக மேடுள்ள ரப்பர் மேட் போடுங்கள்.

போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். பலகை பிளாஸ்டிக்தான், ஆனால் அடியில் ஓடுகிற சேசிஸ் குழாய் இரும்பு. உப்புத் தண்ணீர் மேட்டுக்கடியில் தேங்கி, ஸ்க்ரூ ஓட்டை வழியாக இறங்கி, வருஷக்கணக்கில் அங்கேயே உட்கார்ந்திருக்கும். மீன் பெட்டி ஏற்றுகிற வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். போன மாசம் ஒரு வண்டியின் மேட்டைத் தூக்கினேன். ஸ்க்ரூ நாலில் மூன்றுக்குத் தலையே இல்லை. வாரம் ஒருமுறை மேட்டைக் கழற்றி நல்ல தண்ணீரில் பலகையைக் கழுவி, வெயிலில் காயவிட்டு, அப்புறம் போடுங்கள்.