எல்லையோர ஒன்றியத்தில் ஒரு பெட்டிப் பாலம்: புதிதாக வந்த உதவிப் பொறியாளர் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

கேட்டவர் குமரி மாவட்டத்தில் விளவங்கோடு பக்கம் புதிதாகப் பணியில் சேர்ந்த உதவிப் பொறியாளர். ஏலாவை (தாழ்வான வயல்வெளியை) கடக்கும் சாலையில் ஒரு பெட்டிப் பாலம் (அடி, சுவர், மேல்தளம் எல்லாம் கான்கிரீட் பெட்டியாக வரும் சிறு பாலம்) அவர் பொறுப்பில் வந்திருக்கிறது. "கேரள எல்லையில் பாறசாலைக்கு அந்தப் பக்கம் சட்டென்று முடிக்கிறார்கள், இங்கே மட்டும் ஏன் இழுக்கிறது, நான் எதிலிருந்து தொடங்குவது?" என்கிறார். அந்தப் பக்கமும் இழுக்கத்தான் செய்கிறது. பஸ்ஸில் போகும்போது முடிந்த பாலம்தான் நம் கண்ணில் படும்.

முதலில் காலண்டர். குமரி மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு. ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு. ஓடைக்குள் நம்பி இறங்க ஜனவரி முதல் மே வரைதான் காலம். நிதியாண்டோ ஏப்ரலில் தொடங்குகிறது. நிர்வாக ஒப்புதல் ஜூலையில் வந்தால், தொழில்நுட்ப ஒப்புதல் வாங்கி, டெண்டர் விட்டு (2 கோடி வரை குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும்), ஒப்பந்தம் போட்டு வேலை உத்தரவு கொடுக்கும்போது ஐப்பசித் தண்ணீர் ஓடையில் நிற்கும். பிறகு மார்ச் 31க்குள் பில் வேண்டும் என்று மேலிருந்து நெருக்கடி வரும். பாலங்கள் கெடுவது ஜனவரி முதல் மார்ச் வரையிலான அந்த அவசரத்தில்தான்.

அதனால் மழை மாதங்களில் இடத்துத் தகராறுகளைத் தீர்த்துக்கொள்ளுங்கள். புல வரைபடத்தை வைத்து சர்வேயரை அழைத்துக் கல் போடுங்கள். பாலம் சாலைக்குள் அடங்கும், அதன் இறக்கைச் சுவர் (முனையில் கரை மண்ணைத் தாங்க விரியும் சுவர்) பக்கத்து ரப்பர் தோட்டத்துக்குள் போகும்; அங்கேதான் தடை உத்தரவு வரும். மின்கம்பத்தையும் கூட்டுக் குடிநீர்க் குழாயையும் மாற்றும் செலவு எஸ்டிமேட்டில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அந்தந்தத் துறைக்குக் கட்ட வேண்டிய பணத்துக்குக் கணக்குத் தலைப்பு தேடி ஒரு வருடம் ஓடும்.

சானல் (பாசனக் கால்வாய்) மேல் வரும் பாலம் என்றால் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். கேரளத்து நெய்யாறு அணையிலிருந்து வரும் இடதுகரைக் கால்வாய் என்றால் ஊரில் சிலர், "தண்ணீரே வராத சானலுக்கு இத்தனை பெரிய கண் (தண்ணீர் போகும் திறப்பு) எதற்கு? சின்னதாகக் கட்டுங்கள்" என்பார்கள். 2004இலிருந்து கேரளா தண்ணீர் விடவில்லை, உண்மை. அதற்காக நாமே கண்ணைச் சுருக்கினால், உரிமையைக் கேட்கும் தகுதி நமக்கு எங்கே இருக்கும்? இந்த வயிற்றெரிச்சல் கேள்விக்குச் சம்பந்தமில்லாதது, தெரியும். ஆனால் கரையோர மழைத்தண்ணீர் இன்றும் அதில்தான் ஓடுகிறது. வரைபட அளவைக் குறைக்காதீர்கள்.

அடுத்து லீட், அதாவது பொருள் வந்து சேரும் தூரம். எஸ்டிமேட்டில் காட்டிய குவாரி இப்போது ஓடுகிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். மூடிக் கிடந்தால் ஜல்லி தூரத்திலிருந்து வரும். அந்த நஷ்டத்தைக் கான்ட்ராக்டர் சிமென்டில்தான் ஈடுகட்டுவார். நடைச்சீட்டுகளை (குவாரிப் பொருளைக் கொண்டுவரும் அனுமதிச் சீட்டு) லோடு வரும் அன்றே வாங்கி வையுங்கள். இல்லையென்றால் பில்லில் கனிமக் கட்டணம் பிடிப்பார்கள், சண்டை உங்கள் மேஜைக்கு வரும்.

மண் விஷயம்: மேட்டில் வெட்டுக்கல், பள்ளத்தில் ஏலாவின் களி. மார்ச்சில் இரண்டும் ஒரே மாதிரி கெட்டியாகத் தெரியும். டெண்டருக்கு முன்பே சோதனைக் குழி போட்டு, அடித்தள மட்டத்துக்குக் கீழே ஒன்றரை மீட்டராவது பாருங்கள். களி இருந்தால் மாற்று நிரப்பலை அப்போதே எஸ்டிமேட்டில் சேர்க்கலாம். குழி தோண்டிய பிறகு தெரிந்தால் எஸ்டிமேட்டில் இல்லாத அந்தக் கூடுதல் வேலைக்குத் திருத்திய ஒப்புதல் வரும்வரை குழியில் தவளை கத்தும்.

கான்கிரீட்டுக்கு ஒரு கணக்கு. உள்ளளவு 2 மீட்டருக்கு 2 மீட்டர், கனம் 250 மில்லிமீட்டர், நீளம் 7.5 மீட்டர் என்றால் சுமார் 17 கனமீட்டர். கடலிலிருந்து தள்ளியிருக்கும் இடத்துக்கு எம்25 (கான்கிரீட்டின் வலிமைத் தரம்), கனமீட்டருக்குக் குறைந்தது 300 கிலோ சிமென்ட். ஆக 102 மூட்டைக்குக் கீழே எந்தக் கலவையும் வரக் கூடாது. காலிச் சாக்கை எண்ணுங்கள். கொல்லங்கோடு கடற்கரை ஓரம் என்றால் எம்30, 320 கிலோ, கம்பிக்குக் கவர் (மேலே மூடும் கான்கிரீட்) 45 மில்லிமீட்டர்.

எம்25 என்றால் மூட்டைக்குத் தண்ணீர் 25 லிட்டருக்கு மேல் போகக் கூடாது, கடற்கரை ஓர எம்30க்கு 22.5 லிட்டர். எம்-சாண்டில் (கல்லை உடைத்துச் செய்த மணல்) இருக்கும் ஈரமும் அதில் சேர்த்தி: 100 கிலோ மணலில் 5 சதவீத ஈரம் என்றால் 5 லிட்டர் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது. எம்-சாண்டில் 75 மைக்ரான் சல்லடையில் இறங்கும் தூள் 15 சதவீதத்தைத் தாண்டினால் கலவை தண்ணீர் கேட்டுக்கொண்டே இருக்கும், கொத்தனாரும் ஊற்றிக்கொண்டே இருப்பார்.

வலிமைச் சோதனைக்கு மாதிரி எடுக்க வேண்டும். அடித்தளம் 4.7 கனமீட்டர், அதற்கு ஒரு மாதிரி. சுவரும் மேல்தளமும் 12 கனமீட்டர், ஒரே ஓட்டமாகப் போட்டால் இரண்டு மாதிரி. மாதிரிக்கு மூன்று கியூப் (கான்கிரீட் கட்டி) வீதம் ஒன்பது. வார்த்த அன்றே கியூப் மேல் தேதியைக் கீறுங்கள். பி.பி.சி. சிமென்ட் (சாம்பல் கலந்தது) என்றால் 10 நாள் ஈரம் காயக் கூடாது. மேல்தள முட்டு குறைந்தது 7 நாள் நிற்க வேண்டும், பி.பி.சி.க்கு இன்னும் கூடுதலாக. கொத்தனாருக்கு அந்தப் பக்கம் கூலி அதிகம், சீக்கிரம் பிரித்துக்கொண்டு போகத்தான் பார்ப்பார்.

மறையப் போகும் எல்லாவற்றையும் மறையும் முன் எம்-புக்கில் (அளவுப் புத்தகத்தில்) ஏற்றுங்கள்: தோண்டும் முன் தரை மட்டம் (கான்ட்ராக்டர் கையெழுத்தோடு), பாறை தட்டிய மட்டம், அடிக் கான்கிரீட் கனம், கம்பி. 12 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ. ஒரு துண்டை எடை போட்டுப் பார்த்தாலே கம்பி சரியான கனமா என்று தெரிந்துவிடும். தண்ணீர் இறைத்த மணிநேரத்தைத் தினமும் எழுதுங்கள். தணிக்கை முதலில் கைவைப்பது அதில்தான்.

"கமிஷனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே" என்று கீழே எழுதப் போகிறீர்கள். இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் கமிஷனே வாங்காத பாலமும் பின்நிரப்பலில் உட்காரும்.

ஆம், பின்நிரப்பல், அதாவது சுவருக்குப் பின்னால் மண் நிரப்புவது. சுவர் முடிந்ததும் ஜே.சி.பி. வைத்து தோண்டிய களியையே தள்ளிவிடுவார்கள். சுவருக்குப் பின்னால் 600 மில்லிமீட்டர் கல்வடிகட்டி, ஒரு மீட்டருக்கு மிகாத இடைவெளியில் கசிவுத் துளை, அதன் பின் நல்ல சரல் மண்ணை 200 மில்லிமீட்டர் அடுக்காக இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் ஏற்றி இடிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஏற்றினால் பெட்டியையே தள்ளும். இதைச் செய்யாமல் தார் போட்டால் முதல் ஆனி மழையில் பாலத்தின் இரு முனையிலும் சாலை இறங்கும். கல் லாரி ஒன்று அதில் குதித்ததும் ஊரில் பாலமே இடிந்த செய்தியாகிவிடும். அடர்த்திச் சோதனை முடிவு கைக்கு வரும்வரை இணைப்புச் சாலைக்கு அளவு எழுதாதீர்கள்.