காப்பாளர் கணக்கில் ஒரு பையன் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் வசிக்கிறேன். இங்குள்ள கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) நீதிமன்றத்தின் 1760களைச் சேர்ந்த காப்பாளர் கணக்குகளை, அதாவது தகப்பனில்லாப் பிள்ளையின் சொத்தைப் பார்த்துக்கொண்டவர் எழுதிய வரவு செலவுகளை, படியெடுக்க உதவுகிறேன். அம்மா உயிரோடு இருக்கும் பையனை அநாதை என்று எழுதியிருக்கிறார்கள். காலணி, பள்ளிச் சம்பளம் எல்லாம் அவன் பட்ட கடன்போலப் பதிவாகியிருக்கின்றன. சில வருடம் ஓடிய கணக்கு திடீரென நின்றுவிடுகிறது. காப்பாளர் சொத்தைச் சுருட்டிவிட்டாரா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கணக்கு நின்றதை மட்டும் வைத்து அவரைத் திருடராக்க முடியாது. அந்தக் கணக்கு எதற்காக எழுதப்பட்டது என்பதிலிருந்து தொடங்குவோம்.

அன்று தகப்பன் இறந்து, பிள்ளைக்குச் சொத்தும் இருந்தால், தாய் இருந்தாலும் ஆவணத்தில் அந்தப் பிள்ளை அநாதைதான்; அதன் சொத்து நீதிமன்றத்தின் பொறுப்பு. விதவை மறுமணம் செய்தால் அவள் கையிலிருக்கும் அசையும் சொத்து புதுக் கணவன் கைக்குப் போய்விடும். அந்தப் பயம்தான் காரணம். 14 வயதான பிள்ளை தன் காப்பாளரைத் தானே தேர்ந்தெடுக்கலாம். அதற்குக் குறைந்த வயதென்றால் நீதிமன்றம் நியமிக்கும்.

1656ஆம் ஆண்டின் வர்ஜீனியச் சட்டம் மிகக் கறாரானது. அசலைத் தொடக் கூடாது, வட்டியில்தான் பிள்ளையை வளர்க்க வேண்டும். வட்டி போதாவிட்டால், அசலைக் குறைக்காமல் வளர்க்க உறவினர் யாரும் முன்வராதபோது, 21 வயதுவரை ஒரு கைத்தொழில் பழக ஒப்படைத்துவிடுவார்கள். ஆடுமாடு, குதிரைகளைப் பணமாக அல்ல, வாங்கிய அதே வயதிலும் எண்ணிக்கையிலும் திருப்பித் தர வேண்டும். மூன்று வயதுப் பசு இரண்டை வாங்கியவர், பத்து வருடம் கழித்தும் மூன்று வயதுப் பசு இரண்டைத்தான் கொடுக்க வேண்டும். 1734 முதல் அங்கே சட்டப்படியான வட்டி நூற்றுக்கு 5. அப்படியானால் 200 பவுண்டு அசலுக்கு வருடம் 10 பவுண்டு. உங்கள் பையனின் செலவை முதலில் இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். செலவு வருடா வருடம் வட்டியை மிஞ்சினால் அங்கேதான் சந்தேகப்பட இடமிருக்கிறது.

பற்றுப் பக்கம் காப்பாளர் பையனுக்காகச் செலவழித்தது. அது பையன் காப்பாளருக்குத் தர வேண்டியது. வரவுப் பக்கம் அவன் சொத்திலிருந்து வந்தது. ஜார்ஜ் வாஷிங்டன் தன் மனைவி மார்த்தாவின் முதல் கணவர் டேனியல் பார்க் கஸ்டிஸின் பிள்ளைகளுக்கு எழுதிய கணக்கும் இதே வகைதான். கஸ்டிஸ் 1757இல் உயில் எழுதாமல் இறந்தார். லண்டனுக்குச் சாமான் எழுதும்போதுகூட வாஷிங்டன் இரு பிள்ளைகளுக்கும் தனித்தனிப் பட்டியல் போட்டார். மகள் பாட்ஸியின் வலிப்புக்கு வைத்தியம் பார்த்த செலவு பாட்ஸியின் கணக்கில்தான் ஏறியது.

வரவுப் பக்கத்தில் ஒரு பெயருக்கு நேரே வருட வாடகை என்று இருந்தால் நிதானமாகப் படியுங்கள். அது ஒரு மனிதருக்கான வாடகை. பையனுக்குச் சொந்தமான அடிமைகளைக் காப்பாளர் பெரும்பாலும் புத்தாண்டையொட்டி ஓராண்டுக்கு வெளியாரிடம் வேலைக்கு விடுவார். கைக்குழந்தைகளோடு இருக்கும் பெண்ணை எடுக்க ஆளில்லாவிட்டால், அவளை வைத்துப் பராமரிப்பவருக்குக் கூலி கொடுத்து, அதைப் பற்றில் எழுதுவார். பள்ளிச் சம்பளத்துக்கு உழைத்தவர்கள் இவர்கள்தான். இந்தப் பெயர்களில் ஒன்றுகூட விடுபடக் கூடாது. பல குடும்பங்களுக்குத் தங்கள் முன்னோரைத் தேட இதைவிட்டால் வேறு தாள் இல்லை.

படியெடுக்கும்போது பலர் தடுக்கி விழும் இடம் பவுண்டு. நீதிமன்ற எழுத்தர் கட்டணம், ஷெரீப் (கவுண்டியின் காவல் அதிகாரி) கட்டணம் எல்லாம் பணத்துக்குப் பதில் புகையிலையில் குறிக்கப்பட்டன. அந்தப் பவுண்டு எடை. பணமென்றால் 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. அதிலும் வர்ஜீனியப் பவுண்டு வேறு, லண்டன் ஸ்டெர்லிங் வேறு. ஒரு பத்தியில் கூட்டல் உதைத்தால் காப்பாளரைக் குறை சொல்லுமுன் இதைப் பாருங்கள்.

கணக்கு நிற்பதற்குச் சாதாரணக் காரணங்கள் உண்டு: பையனுக்கு 21 ஆகியிருக்கும், அவன் இறந்திருப்பான், அல்லது காப்பாளர் இறந்து வேறொருவர் வந்திருப்பார். பெண் பிள்ளையென்றால் கல்யாணம். நீதிமன்ற உத்தரவுப் புத்தகத்தில் அதே வருடங்களைத் தேடுங்கள். புதுக் காப்பாளரின் பிணைப்பத்திரம் (சொத்தை ஒழுங்காகக் காப்பதாக எழுதிக் கொடுக்கும் உறுதி) இருந்தால் கதை அங்கே தொடர்கிறது. பிணைத் தொகை பெரும்பாலும் சொத்து மதிப்பின் இரு மடங்கு என்பதால், கணக்கு தொலைந்திருந்தாலும் சொத்தின் அளவை அதிலிருந்து ஊகிக்கலாம்.

உண்மையில் கையாடல் நடந்திருந்தால் முதலில் அலறுவது காப்பாளருக்காகப் பிணை நின்ற ஜாமீன்தாரர்கள். பணம் குறைந்தால் அவர்கள் நிலம் போகும். ‘எங்களை இந்தப் பிணையிலிருந்து விடுவியுங்கள்’ என்ற அவர்களின் மனு உத்தரவுப் புத்தகத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்தத் தேதிக்கு முந்தைய இரண்டு வருடக் கணக்கை வரிவரியாக மறுபடி கூட்டிப் பார்க்க வேண்டும்.