டைரல் பி34 காருக்கு ஏன் ஆறு சக்கரங்கள்?

டைரல் அணியின் ஃபார்முலா ஒன் பந்தயக் காரான பி34இன் ஆறு சக்கரங்கள் வெறும் விளம்பரத்துக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. அதன் பின்னால் தெளிவான கணக்கு இருந்தது.

1970களின் ஃபார்முலா ஒன் கார்களில் அகன்ற முன்சக்கரங்கள் மூக்குப்பகுதிக்கு வெளியே துருத்திக்கொண்டு காற்றோட்டத்தைக் குலைத்தன. காரின் முன்பகுதியை மேலே தூக்கவும் செய்தன. வடிவமைப்பாளர் டெரெக் கார்ட்னர் அவற்றை 10 அங்குலச் சிறு சக்கரங்களாகச் சுருக்கி மூக்கின் மறைவில் ஒளித்துவைத்தார். இரண்டு குட்டி டயர்களின் பிடிப்பு போதாது, ஆகவே நான்கு! தரையைத் தொடும் ரப்பர் கூடியது, முன் பிரேக்குகளும் நான்காயின. பெரிய பின்சக்கரங்கள் அப்படியே இருந்ததால் நேர்ப்பாதை வேகத்தில் கிடைத்த லாபம் குறைவுதான். ஆனால் வளைவுகளில் முன்பகுதி உறுதியாகப் பிடித்தது.

1976 ஸ்வீடன் கிராண்ட் பிரீ பந்தயத்தில் இந்தக் காரை ஓட்டிய ஜோடி ஷெக்டர் முதலிடம், சக ஓட்டுநர் பாட்ரிக் டெபாயே இரண்டாமிடம். ஆறு சக்கரக் கார் வென்ற ஒரே கிராண்ட் பிரீ அது.

1977இல் சரிவு. மற்ற அணிகளின் டயர்கள் மேம்பட்டுக்கொண்டே போக, இந்த ஒரே காருக்கான குட்டி டயர் பின்தங்கியது. எடையும் கூடியது. பிறகு நான்கு சக்கரங்களுக்கு மேல் கூடாதென விதியே வந்துவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது ஓட்டுநர் அறையின் பக்கவாட்டில் வைத்த சிறு ஜன்னல். அதன் வழியே ஓட்டுநர் தன் குட்டிச் சக்கரங்களைப் பார்த்துக்கொள்ளலாம்.