பூங்கா இடத்தில் கூட்டுக் காய்கறித் தோட்டம்: அனுமதி குறித்து

வணக்கம். உங்கள் மனைப்பிரிவில் பூங்காவுக்கென ஒதுக்கப்பட்டு முட்புதர் மண்டிக் கிடக்கும் நகராட்சி இடத்தில் குடியிருப்போர் சேர்ந்து காய்கறி பயிரிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அந்த இடம் தானப் பத்திரத்தின் வழியாக நகராட்சிக்குச் சேர்ந்திருந்தால், குத்தகை கேட்பதைவிட, நிலத்தின் உரிமையும் பொதுமக்களின் நுழைவும் மாறாது என்பதை விளக்கி, பதிவுபெற்ற நலச்சங்கத்தின் பெயரில் பராமரிப்பு அனுமதி கோரி ஆணையரிடம் மனு அளிப்பதே நல்லது. வார்டு உறுப்பினரின் வாய்மொழிச் சம்மதத்தை மட்டும் நம்பி வேலி போட்டால், எவ்வளவு நல்ல நோக்கமாக இருந்தாலும், அது ஆக்கிரமிப்பாகவே கருதப்படக்கூடும். பத்திர நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் முதலில் பெற்றுக்கொள்ளுங்கள். இத்தகைய இடங்களில் கட்டட இடிபாடுகள் புதைந்திருப்பது வழக்கமாதலால், பல இடங்களில் 15 செ.மீ. ஆழம் வரை எடுத்த மண்ணைக் கலந்து, அதில் அரைக் கிலோவை வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து முடிவு வந்த பிறகே விதை வாங்குங்கள்.