முந்தின பேறு என்றால் முதலில் படைக்கப்பட்டவரா?

கொலோசெயர் 1:15 இயேசுவைச் ‘சர்வ சிருஷ்டிக்கும் முந்தின பேறு’ என்பதால் அவரும் படைக்கப்பட்டவரே என்று ஏற்காடு ஒண்டிக்கடையில் ஒருவர் உங்களிடம் சொன்னதாகவும், அது சரியா என்றும் கேட்டிருந்தீர்கள். இல்லை, அந்தச் சொல்லை மட்டும் வைத்து அப்படி முடிவுகட்ட இயலாது.

முந்தின பேறு, அதாவது தலைச்சன் பிள்ளை, என்றதும் நமக்குப் பிறந்த வரிசைதான் நினைவுக்கு வருகிறது. குழப்பம் அங்கிருந்தே தொடங்கியிருக்கும். சங்கீதம் 89:27-ஐ எடுத்துப் பாருங்கள். ஈசாயின் மகன்களில் கடைசியான தாவீதையே ‘முதற்பேறானவன்’ ஆக்குவதாகத் தேவன் சொல்கிறார். அங்கே அது வரிசையன்று, உரிமை. பிறகு கொலோசெயர் 1:16-ஐயும் சேர்த்தே வாசியுங்கள்; சகலமும் அவருக்குள் சிருஷ்டிக்கப்பட்டது என்கிறது அது, அவரைச் சிருஷ்டிகளில் ஒருவராகச் சொல்லவில்லை.

ஆனாலும் கொலோசெயர் வசனத்தால் மட்டும் வாதம் தீராது. குமாரன் படைக்கப்பட்டவரே என்று போதித்த ஆரியுஸ் என்ற குருவின் தரப்பினர், ஆதியில் கர்த்தரிடம் இருந்ததாக ஞானம் பேசும் நீதிமொழிகள் 8:22-ஐயும் நீட்டினார்கள், கி.பி. 325-இல் நிசேயாவில் கூடிய திருச்சபைச் சங்கம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்த பின்னும் சர்ச்சை பல பத்தாண்டுகள் ஓடியது. இது விளங்காவிட்டால் இரட்சிப்பு போய்விடுமோ என்று கேட்டிருந்தீர்கள். ரோமர் 10:9 கேட்பது அறிக்கையையும் விசுவாசத்தையும்தான், இலக்கணத் தேர்ச்சியை அன்று.